என் மகன் சமைக்கும் படகில்

பிரான்சுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகனைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். போன இடத்தில் ஊரைத்தான் பார்த்தேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

குமரனுடைய அப்பாவுக்குக் கண் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டே வருகிறது. ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் பார்த்த கண், இப்போது எதிரே நேராக இருப்பதை மட்டும்தான் பார்க்கும். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து மனுஷருக்கு ஒரே பேச்சுதான்.

"முழுசா மூடுறதுக்குள்ள அவனை ஒரு தடவை நேர்ல பாத்துடணும். பத்து நாள் போதும். நீ போய்க் கூட்டிட்டு வா."

"போன்லதான் தினம் பாக்குறீங்களே!"

"போன்ல தெரியறது மூஞ்சியா? தபால் தலை."

குமரன் போய் நாலு வருஷம் ஆகிறது. அவனுக்கு வயது இருபத்தேழு. பிரான்சில், கிராமங்களுக்கு நடுவே ஓடும் கால்வாயில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு படகில் அவன் சமையல்காரன். அந்த வருஷத்தின் கடைசிப் பயணத்தில் ஓர் அறை காலியாகிவிட்டதாம். படகின் சொந்தக்காரி மதாம் ஆன், "உன் அம்மாவை வரச் சொல், விருந்தாளியாக" என்று சொல்லிவிட்டார். விசா வாங்கிய கதையை விடுங்கள், அதை எழுத உட்கார்ந்தால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும். யாங்கூன் மார்க்கெட்டில் லோன்ஜி என்னும் கைலித் துணி விற்கும் என் கடையைப் பக்கத்துக் கடை மா ஏயிடம் விட்டுவிட்டு, ஒரு பாட்டில் பலாச்சாங் இறால் பொரியல், இரண்டு பொட்டலம் லபெத் ஊறல் தேயிலை, வாசலில் நின்ற என் வீட்டுக்காரருடைய முகம், இவ்வளவையும் சுமந்துகொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்கு மகன் வரவில்லை. நிக்கோலா என்ற வழிகாட்டிதான் வேனோடு வந்திருந்தான். கையில் 'டாவ் நுவே' என்று எழுதிய அட்டை. பாஸ்போர்ட்டில் நான் டாவ் நுவே, வீட்டில் பார்வதி. எங்கள் ஊர்த் தமிழர் எல்லாருக்கும் இப்படி இரண்டு பெயர், ஒன்று பர்மியம், ஒன்று தமிழ். படகில் என் மகனும் மின்தான், குமரன் இல்லை. படகு, யாங்கூனைச் சுற்றிவரும் வட்ட ரயிலின் இரண்டு பெட்டி நீளம் இருந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பெரிய ஆள் அதிலிருந்து குதித்து ஓடி வந்தான். நாலு வருஷத்தில் தோள் அகன்றுபோயிருந்தது. கட்டிக்கொண்டான். வெண்ணெய் வாசம் அடித்தது.

"அம்மா, சாஸ் அடி பிடிச்சுடும், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். இந்த 'இதோ வந்துட்டேன்' ஆறு நாளும் தொடர்ந்தது.

மறுநாள் காலை ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது மதாம் ஆன் என் தோளைத் தொட்டார். "இன்று சந்தைக்குப் போகிறோம். வேனில் முன் சீட்டு உங்களுக்குத்தான்." கடையில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி விற்றுப் பழகிய இங்கிலீஷ் எனக்கு இந்த அளவுக்குப் போதும். நான் வரவில்லை, அடுப்படியில் என் பிள்ளை பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "தேங்க்யூ மதாம்" என்று எழுந்துவிட்டேன்.

பர்மியப் பேச்சில் ஆனாடெ என்று ஒன்று உண்டு. எதிராளி மனசு கோணுமே என்று நம்முடைய சங்கடத்தை நாமே விழுங்கிக்கொள்வது. தமிழில் இதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. நாங்கள் தமிழ் பேசும்போதும் அதையே சொல்லிக்கொள்வோம், "எனக்கு ஆனாடெயா இருக்கு" என்று. காசு வாங்காமல் அறை கொடுத்த மனுஷி, முன் சீட்டையும் கொடுக்கிறாள். எப்படி மாட்டேன் என்பது? போனேன்.

சந்தை நன்றாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது. பூசணிக்காயும் காளானும் பூவைப் போல அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் லத்தா சந்தையில் கேட்கும் கூச்சல் இல்லை, காலில் மிதிபடும் மீன் தண்ணீர் இல்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. எனக்கு என்னவோ கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. பாலாடைக்கட்டிக் கடைப் பக்கம் போனதும் குப்பென்று வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! கூட வந்த ஆஸ்திரேலியா தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. எங்கள் ஊர் ஙபியேதான், புளிக்கவைத்த மீன் விழுதுக்குப் பதில் பால், அவ்வளவு வித்தியாசம்.

"இது மூன்று மாதம் குகையில் படுத்துக் கிடந்தது, அம்மணி. எழுப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னதாக நிக்கோலா சொன்னான். ஒரு துண்டு வாங்கி, திரும்பியதும் குமரனிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துச் சிரித்தான். பேச வாயெடுத்தேன். அடுப்பில் ஏதோ பொங்கியது.

அன்று மத்தியானம் ஒரு வேடிக்கை. கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடங்களில் படகை ஒரு கல் தொட்டிக்குள் விட்டு முன்னும் பின்னும் கதவை மூடிவிடுகிறார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டதும் தண்ணீரோடு படகும் இறங்குகிறது. எங்கள் த்வான்டே கால்வாயில் இந்தச் சங்கதியெல்லாம் கிடையாது. படகு கிணற்றுக்குள் போன மாதிரி இறங்கிவிட்டது, கதவைத் திறந்து மூடும் மதகுக்காரர் மேலே நிற்கிறார். அவர் வீட்டில் தக்காளி விற்பார்களாம். அவர் குனிந்து கொடுக்கவும் முடியவில்லை, நாங்கள் எட்டி வாங்கவும் முடியவில்லை.

எங்கள் வீடு நாலாவது மாடி. எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எந்த வீட்டுக்காவது லிஃப்ட் உண்டா? பால்கனியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். பேப்பர்காரரும் பால்காரரும் அதில் மாட்டுவார்கள், நாம் இழுத்துக்கொள்வோம். படகில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தேன், கிளிப் ஒன்றை நுனியில் கட்டினேன், சுழற்றி மேலே வீசினேன். மதகுக்காரர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு புரிந்துகொண்டு பையை மாட்டி இறக்கினார். கனடாவிலிருந்து வந்திருந்த மார்கரெட் என்ற வயதான அம்மா கை தட்டினாள். ஜன்னலில் எட்டிப் பார்த்த குமரன், "அம்மா, நம்ம வீட்டு கயிறா!" என்று கத்தினான். எனக்கு அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் ஒரு பிரபுவின் மாளிகை. சுற்றி அகழி, உள்ளே ஒவ்வோர் அறையிலும் நான்கு பேர் புரண்டு படுக்கும் கட்டில். ஒரு குடும்பம் இருநூறு வருஷம் அங்கே இருந்ததாம். அப்பன் இறந்தால் அதே கட்டிலில் பிள்ளை படுப்பானாம். நிக்கோலா சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் பிள்ளை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறான், நான் எவன் கட்டிலையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்து நேராக அடுப்படிக்குள் நுழைந்தேன். பெரிய பாத்திரத்தில், எங்கள் வீட்டுக்குள் வராத மாட்டுக்கறி வைனில் வெந்துகொண்டிருந்தது. குமரன் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கப் போனவன், என்னைப் பார்த்ததும் தயங்கினான். வேலை அல்லவா? நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாத்துகளைப் பார்த்துக்கொண்டேன். அவன் ருசி பார்த்து, உப்புப் போட்டு, மூடினான்.

"அம்மா, அப்பா என்கிட்டயும் சொன்னாங்க. சனிக்கிழமையோட இங்க வேலை முடியுது. நானும் உன்கூட வர்றேன். பத்து நாள். டிக்கெட் பாத்துட்டேன்."

நான் கேட்கவே இல்லை. கேட்க வாய் வராமல் மூன்று நாள் விழுங்கிக்கொண்டிருந்ததை அவனே சொல்லிவிட்டான். "நிஜமாவாடா?" என்று மட்டும் கேட்டேன். அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கரண்டி நடுவில் இருந்தது. உடனே ஊருக்குப் போன் போட்டேன். யாங்கூனில் கரண்ட் இருந்த நேரமாக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

"கூட்டிட்டு வர்றேங்க."

"லான்மடாவ்ல போய் ஒரு சட்டை வாங்கணும். பழசுல அவன் முன்னாடி நின்னா நல்லா இருக்காது" என்றார்.

நாலாம் நாள்தான் எல்லாம் கெட்டது. அல்லது சரியானது. எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு சின்னக் கிராமத்துத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊரில் எந்த பகோடாவானாலும் வெளி வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், சாக்ஸும் ஆகாது. அம்மன் கோயிலுக்கும் அப்படியே. காலுக்கு அது பழகிப்போன பாடம். வெல்வெட் வார் வைத்த மந்தலே செருப்பைக் கழற்றி, சாக்ஸை மடித்து அதற்குள் செருகி, படியோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன். தரை ஐஸ். மற்றவர்கள் பூட்ஸ் காலோடு நடக்கிறார்கள் என்பதையே நான் கவனிக்கவில்லை. உள்ளே சுவரில் இருந்த பழைய படங்களை நிக்கோலா விளக்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. "பக்கவாட்டுக் கதவு! வேன் அங்கேதான்! ஓடுங்கள்!" என்றான். எல்லாரும் ஓடினோம். வேன் கிளம்பியது.

கால் ஜில்லிட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எல்லாரும் நனைந்திருக்கிறார்கள், அடுத்த இடத்துக்கு ஏற்கனவே நேரமாகிவிட்டது என்று நிக்கோலா கடிகாரத்தைப் பார்க்கிறான், என் ஒருத்தி செருப்புக்காக வண்டியைத் திருப்புவதா? ஆனாடெ! லோன்ஜிக்குள் காலை இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். வைன் பாதாள அறை வாசலில் இறங்கியபோதுதான் மார்கரெட் என் காலைப் பார்த்து அலறினாள். கால் நீலம் பாரித்திருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்றான் நிக்கோலா, தலையில் கை வைத்துக்கொண்டு.

"எல்லாருக்கும் நேரமாகுமே" என்றேன். அவன் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தான். நல்ல வார்த்தையாக இருக்காது. மற்றவர்களை வைன் குடிக்க விட்டுவிட்டு, என்னை மட்டும் திரும்பக் கூட்டிப்போனான்.

மழை விட்டிருந்தது. படியில் செருப்பு இல்லை. தேவாலயத்தின் முன்னால் ஒரு கல் தூண், அதன் அடியில் மஞ்சள் செவ்வந்தித் தொட்டிகள். அந்தத் தொட்டிகளுக்கு நடுவே என் செருப்பு ஜோடியாக இருந்தது, சாக்ஸ்கூட மடித்தபடியே. யாரோ அதைக் காணிக்கை என்று நினைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து எடுத்தபோது தூணில் எழுத்து கண்ணில் பட்டது. மேலிருந்து கீழ்வரை பெயர்கள்.

"சாமி பெயரா?" என்றேன்.

"இல்லை. இந்த ஊர்ப் பையன்கள். போருக்குப் போய்த் திரும்பாதவர்கள்."

சுற்றிப் பார்த்தேன். மொத்தமே நாற்பது வீடு இருக்கும். பெயர்களை விரலால் தொட்டு எண்ணினேன், இருபத்து மூன்று. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒரே மாதிரி எழுத்து ஒரே மாதிரி என்று தெரியாதா? ஒரே குடும்பப் பெயர் நாலு தடவை வந்தது.

"அண்ணன் தம்பிகளா?"

"இரண்டு பேர் சொந்த அண்ணன் தம்பி. மற்ற இருவர் சித்தப்பா பிள்ளைகள் என்பார்கள்."

"எல்லாரும் ஆசைப்பட்டா போனார்கள்?"

நிக்கோலா தோளைக் குலுக்கினான். "ஆசையை யார் கேட்டார்கள்? பட்டியலில் பெயர் இருந்தது. கடிதம் வந்தது. போனார்கள்."

தூணிலிருந்து விரலை எடுத்தேன். எங்கள் வார்டிலும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல் உண்டு. வயதுப் பையன்கள் ஊருக்குள் வரலாம். மறுபடி வெளியே போக முடியுமா என்பதை எந்தத் தாயும் அடித்துச் சொல்ல முடியாத காலம் இது. மா ஏயுடைய தம்பி தண்ணீர்த் திருவிழாவுக்கென்று தாய்லாந்திலிருந்து வந்தான், ஒரே வாரம் என்று. திரும்பிப் போக விடவில்லை. எனக்கு இது தெரியாதா? கிளம்பும்போதே தெரியும். அவருடைய கண்ணை நினைத்து, இதை நினைக்காமலேயே விமானம் ஏறியிருக்கிறேன். என்ன தாய் நான்!

வெறுங்காலோடு அந்தத் தூணின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நிக்கோலா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை மதாம் ஆன் முன் சீட்டு பற்றிச் சொல்ல வாயெடுத்ததும், "நான் இன்று வரவில்லை மதாம். என் மகனோடு இருக்கிறேன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "கடவுளே, உங்களுக்கு ஊர் சுற்றப் பிடிக்கிறது என்றல்லவா நினைத்தேன்! முதல் நாளே சொல்லியிருக்கலாமே. மின்னும் வாயைத் திறக்கவில்லை." எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

வேன் போனது. அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். படகு வேலைக்காரர்களின் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், மொஹிங்கா செய்வோம் என்றான் குமரன். வாழைத்தண்டுக்கு எங்கே போவது? கெளுத்திக்குப் பதில் ஏதோ ஆற்று மீன். நான் வெங்காயம் உரித்தேன், அவன் மீனை உதிர்த்தான். ருசி பார்த்து, "இது மொஹிங்காவுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"குமரா, நீ வர வேண்டாம்."

"என்னம்மா சொல்ற? அப்பா..."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பத்து நாள்தானே? ஒண்ணும் ஆகாது. எத்தனை பேர் போயிட்டு வர்றாங்க."

"மா ஏ தம்பியும்தான் வந்தான்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, "கண்ணு போயிட்டா அப்புறம் அப்பா என்னை எப்பம்மா பாப்பாங்க?" என்றான்.

"பாக்காமலே போகட்டும்டா. நீ இருந்தா போதும்."

அவன் அடுப்பை அணைத்தான். வேலை நேரத்தில் அவன் அடுப்பை அணைத்து அன்றுதான் பார்த்தேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய உடம்பை மடக்கி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அம்மா. அப்பா கேட்டு எப்படி வரலன்னு சொல்றது? ஆனாடெயா இருந்துச்சு."

பயந்துகொண்டே டிக்கெட் பார்த்திருக்கிறான். அப்பா மனசு நோகுமே என்று வந்து மாட்டிக்கொள்ளவும் தயாராக இருந்திருக்கிறான். அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட்டு ஏமாற்ற அங்கே வேறு யாரும் இல்லை.

ஆறாம் நாளில் எழுத ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. எங்கள் ஊர் ரயிலாக இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரமாவது அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அவரிடம் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. யாங்கூன் விமான நிலையத்தில் புதுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார், பக்கத்து வீட்டு கோ ஜோ கையைப் பிடித்தபடி. ஓரப் பார்வை இல்லாததால் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். என்னைக் கண்டுபிடித்தார். பிறகு டிராலிக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பின்னால வர்றானா?"

"வரலங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைக் காலரை ஒரு தடவை தடவிக்கொண்டார். "மா ஏ தம்பி நினைப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். டாக்ஸியில் ஏறியதும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ ஆறு நாள் பாத்தல்ல? சொல்லு. உச்சியிலேர்ந்து ஒண்ணு விடாம சொல்லு."

முடி ஒட்ட வெட்டியிருக்கிறான் என்றேன். தோள் அகன்றுபோச்சு, உங்க அப்பா தோள் மாதிரி. இடது கையில் எண்ணெய் தெறித்த ஒரு தழும்பு. சிரிச்சா அதே கன்னக் குழி. டாக்ஸி நெரிசலில் ஊர்ந்தது, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் தெரு முனை வந்ததும் கேட்டார்.

"தூங்குறப்ப இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் தொறந்துகிட்டுத்தான் தூங்குறானா?"

அவன் படுத்தது படகின் முன்பக்கம், வேலைக்காரர்கள் அறையில். நான் விருந்தாளி, பின்பக்கம். விடியுமுன் எழுந்து அவன் ரொட்டி வாங்கப் போய்விடுவான். ஆறு நாளில் என் பிள்ளை தூங்கி ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றேன். "அப்படியேதான் தூங்குறான்."